வெள்ளைச் சட்டையில் மண் வெட்டிய ஊர்

நாலு பேர் கூடி நின்றால் அது எனக்காகத்தான் என்று நம்பிவிடுகிற மடையன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் குமணன்சாவடிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் அங்கே ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நான் காலை வைத்தேனோ இல்லையோ, உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சடாரென்று எழுந்துவிட்டார்கள்! வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா? நெகிழ்ந்துபோய் இரண்டு கைகளையும் கூப்பி, "உட்காருங்க... உட்காருங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். முன்வரிசைக்காரர் ஒருவர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார் — பந்தி போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள்: "இந்த வியாதி உங்களுக்கு எப்போ ஆரம்பிச்சுது?"

எப்போது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அறுபதுகளின் கடைசியில். வெள்ளானூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில்.

அப்போது கையில் ஒரு பட்டம் இருந்தது. வேலை இல்லை. நாட்டைத் திருத்தாமல் விடுவதில்லை என்ற வெறி மட்டும் உடம்பு முழுக்க. கிராம முன்னேற்றத்துக்காக ஒரு சேவா நிலையம் இளைஞர்களைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் ஊரிலேயே தங்க வேண்டும், சாப்பாடு உண்டு. நிலையத்தை நடத்திவந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "போன உடனே எதையாவது செஞ்சு வைக்காதேப்பா. கொஞ்ச நாள் சும்மா இரு. ஜனங்களோட பழகு. போதும்."

சும்மா இருப்பதா? நானா? பஸ் வர நேரமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து, நடுவழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக் கை ஆட்டுகிற ரகம் நான்.

ஊரைச் சுற்றி வந்தேன். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தேன். கடைசியில் மாடுகளே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில்தான் அது கண்ணில் பட்டது — ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய். மண் மூடி, முள் மண்டிக் கிடந்தது. ஆகா! ஊரே கூடித் தூர் வாரினால் என்ன?

அடுத்த நிமிஷம் கிளம்பிவிட்டேன். பேண்ட்டுக்குள் சட்டையைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தேன். "வயசு என்ன? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நல்லா வெயிட் தூக்குவீங்களா? காலையில ஆறு மணிக்கு மண்வெட்டியோட கால்வாய்க்கு டாண்ணு வந்துட முடியுமா?"

"வந்துர்றேன் சார்" என்றார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை!

விடிந்ததும் கால்வாய்க் கரையில் பெருங்கூட்டம். எல்லோர் கையிலும் மண்வெட்டி, கடப்பாரை. அது மட்டுமா? முகம் மழித்து, எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரி வந்திருந்தார்கள். பாதிப் பேர் உடம்பில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை! சேறு வாருவதற்கு யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்களா? எனக்கு உறைத்ததா? ம்ஹூம். பொதுக்காரியத்தைத் திருவிழாவாக நினைக்கிற மக்கள் என்று கண் கலங்கினேன்.

வேலையும் லேசுப்பட்டதில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் கூடைகளில் மண் கோபுரமாக உயர்ந்தது. ஒருவர் ஒரு முட்புதரை வேரோடு பிடுங்கி, என் காலடியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, "என் பேரு ஏழுமலை சார். மறந்துடாதீங்கோ" என்றார். எவ்வளவு பாசம் பாருங்கள்!

எல்லோரையும் மிஞ்சியவர் கன்னியப்பன். முப்பது வயதிருக்கும். ஊர்ப் பண்ணைக்காரரிடம் வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று பேசிக்கொண்டு வேலை செய்துவந்தவர். ஆரம்பத்தில் பாதி வேலையில் பண்ணைக்கு ஓடிவிடுவார். பிறகு பார்த்தால் நாள் முழுக்கக் கால்வாயிலேயே நின்றார்.

"பண்ணை வேலை என்ன ஆச்சு அண்ணே?"

"அத்த வுட்டுட்டேன் சார்" என்று சிரித்தார்.

பொதுநலத்துக்காகப் பிழைப்பையே துறந்த மனிதர்! அன்றைக்கு ஏரிக்கரையில் நின்று ஒரு கணம் வானத்தைப் பார்த்தேன். புகைப்படக்காரர் யாரும் இல்லையே என்று இருந்தது.

கால்வாய் முடிகிற தறுவாயில் கன்னியப்பன் தன் மனைவி முனியம்மாவையும் கூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பின்னாலேயே ஊரும் வந்து நின்றது.

"சார்... ஆர்டரு எப்போ வரும்?"

"என்ன ஆர்டர்?"

"அதான் சார், அம்பத்தூர் கம்பெனி ஆர்டரு. யார் யாரை எடுத்துகினு கீறீங்கோ?"

அம்பத்தூரில் அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொழிற்சாலைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலம். பேண்ட் போட்ட ஒருவன் வந்து வயசென்ன, வெயிட் தூக்குவாயா, ஆறு மணிக்கு வருவாயா என்று கேட்டால் ஜனங்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? கம்பெனிக்காரன் ஆள் எடுக்கிறான்... மண் வெட்டச் சொல்லி டெஸ்ட் வைக்கிறான்!

"நான் கம்பெனி ஆள் இல்லீங்க. ஊருக்கு ஏதாவது நல்லது செய்யலாம்னுதான்..." என்று இழுத்தேன்.

ஏழுமலைதான் ஆரம்பித்தார். "அப்போ இந்தப் பள்ளத்த இன்னாத்துக்குடா வெட்னோம்?"

"டெஸ்ட்டுன்னு நீதானே மச்சான் சொன்னே!"

"நான் எங்கடா சொன்னேன்? உன் மூஞ்சிக்கு பவுடர் பூசிகினு வந்தவன் நீ!"

ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, கரையே சிரித்தது. கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விட்டுவிட்டு வந்த பண்ணை வேலைக்கு வேறு ஆள் வைத்தாகிவிட்டது. இனி அடுத்த வருஷம்தான்.

"சிரிங்கோ, நல்லா சிரிங்கோ" என்றாள் முனியம்மா. "உங்க ஊட்ல உலை கொதிக்குது."

சும்மா இருந்தேனா? "கன்னியப்பண்ணே, உங்களுக்கு நானே கம்பெனியில வேலை வாங்கித் தரேன்!" என்று கூட்டத்தின் நடுவே முழங்கினேன்.

மறுநாள் அவரை சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — மிதித்தது அவர், கேரியரில் உட்கார்ந்திருந்தது நான். ஆவடி தாண்டி அம்பத்தூர் வரைக்கும் அவருக்குச் சுயமுன்னேற்றம் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். மேட்டில் மட்டும், "கொஞ்சம் எறங்கிப் பேசு சார்" என்றார்.

ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினோம். 'வேலை காலி இல்லை' என்று எழுதிய பலகைகள். பலகை இல்லாத இடத்தில் வாட்ச்மேன். கடைசியில் ஒரு கம்பெனியில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கிருந்த மேனேஜர், நான் கன்னியப்பனின் தோள்வலிமை பற்றி இங்கிலீஷில் ஆற்றிய சொற்பொழிவைப் பொறுமையாகக் கேட்டார்.

"அவர் என்ன படிச்சிருக்கார்?"

"மூணாம் கிளாஸ் சார்."

"நீங்க?"

"பி.ஏ."

"டைம் ஆபீசுக்கு ஒரு கிளார்க் வேணும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கிறீங்களா?"

நான் நிமிர்ந்து நின்றேன். "மன்னிக்கணும் சார். நான் சேவை செய்ய வந்தவன்" என்றேன். நாலு பேர் பார்த்தார்கள். நன்றாக இருந்தது.

வெளியே வந்து கன்னியப்பனிடம் நடந்ததைச் சொன்னேன். என் தியாகம் அவரை உலுக்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். உலுக்கியது.

"குட்த்த வேலைய வேணாம்னியா?" 'சார்' போய்விட்டது. "நைனா, உனக்கு மண்டைல இன்னா கீது? நீ உள்ள போய்க் குந்திகினா, நாலு மாசம் கழிச்சி என்னை இட்டுகினு போவமாட்டே? வெளியே நின்னு கத்துனா எவன் கேப்பான்?"

யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் எந்தக் கதவும் வெளியிலிருந்து தட்டித் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளே நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இது எனக்கு பி.ஏ.வில் பாடமாக வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் விஷயம் முனியம்மாவுக்குப் போயிற்று. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "திங்கக்கிழமை போய் சேர்ந்துக்கோ தம்பி" என்றாள்.

"நான் சேவை செய்ய வந்திருக்கேம்மா... வேலைக்குப் போக வரலை."

"இத்தயே சேவைன்னு நெனச்சிக்கோயேன்."

திங்கட்கிழமை போய் மேனேஜரிடம் அசடு வழிந்தேன். சேர்த்துக்கொண்டார். அம்மையாரிடம் விடுப்புக் கேட்கப் போனபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் சிரித்தார். காலையில் சங்கு, மாலையில் சங்கு. நாற்காலியில் உட்கார்ந்து பிறர் வருகிற நேரத்தைக் குறிப்பது... எனக்கு! கால் நமநமவென்று இருக்கும். டேபிளுக்கு அடியிலேயே நடந்துகொண்டிருந்தேன். கம்பெனியில் ஆள் எடுக்கும்வரை கன்னியப்பன் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார்; முனியம்மா செங்கல் சூளையில் கல் சுமந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இன்னும் எத்தினி நாளு?"

ஒரு வழியாக லாரியில் சரக்கு ஏற்ற ஆள் வேண்டும் என்றார்கள். "எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார் சார்" என்றேன். 'எங்க ஊர்' என்று என் வாயில் வந்தது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. மறுநாளே கன்னியப்பன் காக்கி உடுப்பில் இருந்தார்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் அவரைத் தேடிக்கொண்டு ஓடினேன். லாரி நிழலில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, என் வேலை முடிஞ்சுது! நாளையிலிருந்து பழையபடி ஊர்ல சேவை. நான் இங்கே வரமாட்டேன்!"

கன்னியப்பன் கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ என் மச்சான் வேலைக்கு யாரு சொல்றது?"