தொரை காரின் தகடு

போன வாரம் மருமகன் ஒரு மிக்ஸி வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் எல்லோரும் ஜாடி எத்தனை என்று பார்த்தார்கள். நான் மோட்டாரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்பிடித்தான், தலையக் குனிஞ்சு காப்பி டம்ளரோட அடியப் பாத்துட்டு இருந்தீங்க" என்றாள் மனைவி. பொய்யில்லை. அந்த டம்ளரில் யார் பெயர் வெட்டியிருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

மோட்டாரிலிருந்து லேசாக மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. அந்த வாசனை என்னை நேராகப் பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ராவுத்தரின் மோட்டார் சாமான் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அங்கே கவுண்டரில் நின்றேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், ஆனால் ஆள் எதிரே வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் அப்பா வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் விலை பேசுகிற தொழில். வாயைத் திறக்க வேண்டாமே, இவனுக்குச் சரியாக இருக்கும் என்று என்னையும் கூட்டிப் போனார். முன்பின் தெரியாதவர் கையைப் பிடிப்பது பேசுவதைவிடக் கூச்சமாக இருந்தது. இரண்டே சந்தையில் ஓடி வந்துவிட்டேன்.

சந்தையில் நான் கற்றது, மாட்டின் மேல் மயிர் சுழித்திருப்பதை வைத்து அதன் ராசியைச் சொல்கிற சுழி பார்ப்பது மட்டும்தான். மாட்டுக்குச் சுழி இருப்பதுபோல காருக்கும் ஒன்று உண்டு என்று கடையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதில் 'டி.எஸ். 3 ஆர்' என்பதுபோல ஏதாவது பொறித்திருக்கும். வெளியே வெள்ளி எழுத்தில் மினுக்குகிற பெயர் வாங்குகிறவருக்கு. தகட்டில் இருப்பது செய்தவர்களுக்கு. கூப்பிடுகிற பெயர் ஒன்று, ஜாதகத்தில் இருக்கிற பெயர் ஒன்று என்று நமக்கு இல்லையா, அதுபோல. டி என்றால் எஞ்சின் வகை, எஸ் என்றால் நாலு கதவு, 3 என்றால் மூன்றாம் முறை திருத்திச் செய்தது, ஆர் என்றால் ஸ்டீயரிங் வலப்பக்கம். கம்பெனியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே இவ்வளவும் பிரித்தெடுத்தேன். அன்று எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி முடியாது. யாரோடும் பேச வேண்டாம். தகட்டில் இருப்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், சாமானை எடுத்து வைத்துவிடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து, தொரையின் காருக்குக் கிளட்ச் தட்டு வேண்டும் என்று டிரைவர் ஆறுமுகம் சீட்டு அனுப்பினார். 'டி.எஸ். 3 ஆர்'. பஸ்ஸில் பார்சல் போட்டேன். பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. தகட்டைப் பார்த்து மறுபடி எழுதுங்கள் என்று கார்டு போட்டேன். அதே டி.எஸ். 3 ஆர். இன்னொரு தட்டு அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது, கூடவே தொரையின் கோபமான கடிதமும். ராவுத்தர் கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தார். "தம்பி, மூணாவதும் திரும்பி வந்தா நீ வேலந்தாவளத்துக்கே போயிரு. அங்க மாடு திரும்பி வராது" என்றார். எனக்கு உடனே துண்டும் விரல்களும் கண்முன்னே வந்தன.

பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறி மலை ஏறினேன். டிரைவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஆறுமுகம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெரிய மீசை. பானெட்டைத் திறந்து காட்டினார். தகட்டில் டி.எஸ். 3 ஆர் என்றுதான் இருந்தது. மேலே சந்தனம், குங்குமம், காய்ந்த ஒரு செம்பருத்தி. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் நான்கு ஜாதி. எனக்கு ஏதோ உறுத்தியது. காருக்கு அடியில் புகுந்து, அடிச்சட்டத்தில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினேன். அங்கே இரும்பிலேயே வெட்டியிருந்தது: டி.எஸ். 5 ஆர்.

வெளியே வந்து, ஒத்திகை பார்த்த வாக்கியத்தை மறந்து, "ஏனுங்க, இந்தத் தகடு இந்த வண்டியோடது இல்லீங்களா?" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பழைய வண்டியில இருந்தது தம்பி. ஒன்பது வருசம், இம்புட்டு வளைவுலயும் ஒரு கீறல் விழல. எழுத்தும் நம்பருமா இருக்கே, கோயில்ல மந்திரிச்சுக் குடுப்பாகளே எந்திரத் தகடு, அந்த மாதிரி கம்பெனிக்காரன் காவலுக்கு வச்சதுன்னுல்லா நெனச்சேன். வண்டிய விக்கையில அத மட்டும் எப்படி விட மனசு வரும்? கழத்தி இதுல வச்சுட்டேன்."

"இதுல இருந்த தகடு?"

"அதுக்கு ராசி இருக்கோ இல்லையோ, யாரு கண்டா? தேயிலைக்குள்ள எறிஞ்சுட்டேன்." பிறகு குரலை இறக்கினார். "தொரைக்குத் தெரிஞ்சா எஞ்சீட்டக் கிழிச்சிருவாரு."

திரும்பும்போது பஸ் முழுக்க எனக்கு இதே கணக்குத்தான். உண்மையைச் சொன்னால் ராவுத்தர் தொரைக்கு எழுதுவார், ஆறுமுகத்துக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் எனக்குப் போகும். கடையில் ராவுத்தர் நிமிர்ந்து பார்த்ததும், "நாந்தானுங்க நெம்பரத் தப்பாப் படிச்சுட்டேன். மூணு இல்லீங்க, அஞ்சு" என்றேன். வாழ்க்கையில் ஒரு எண்ணையும் நான் தப்பாகப் படித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். சீட்டு இரண்டும் அவர் மேஜையிலேயே கிடந்தன. ஆறுமுகத்தின் கையெழுத்தில், குண்டு குண்டாக, மூன்று. அவற்றை எடுத்துப் பார்த்தார், கிழித்தார், கூடையில் போட்டார்.

"அஞ்சே அனுப்பு" என்றார்.

அது பொருந்தியது. அதன் பிறகு ஆறுமுகம் அனுப்பிய ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு எண்கள் இருக்கும். மேலே 'வண்டிக்கு: டி.எஸ். 5 ஆர்'. கீழே, பிள்ளையார் சுழி போட்டு, 'நமக்கு: டி.எஸ். 3 ஆர்'. நான் மேலே இருப்பதற்குச் சாமான் எடுத்துவிட்டு, கீழே இருப்பதை ஒரு தடவை படித்துக்கொள்வேன்.

ராவுத்தரின் கடை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. அந்த மலைப்பாதையில் அந்த மாதிரிக் கார் ஒன்றுகூட ஓடுவதில்லை. நான் கடையில் இருந்தபோதே, ஐம்பதுகள் முடியும் சமயத்தில், அந்த எஸ்டேட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஆறுமுகத்தின் குண்டு எழுத்து இல்லை. கையெழுத்து புதிது, மணிமணியாக இருந்தது. பிள்ளையார் சுழி இல்லை. டி.எஸ். 5 ஆர் என்று ஒரே ஒரு எண்தான், கீழே 'நமக்கு' இல்லை. சாமானை எடுத்துக் கட்டிய பிறகும் நான் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.