ஐந்தாவது கோடு

அத்தையை எங்கள் வீட்டிலேயே இருத்திக்கொள்ள நான் செய்த காரியத்துக்கு ஒரு நிமிடம்தான் ஆயிற்று. மாலை நாலு இருபதிலிருந்து நாலு இருபத்தொன்று வரை. நேரத்தில் சந்தேகமில்லை. நானே நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. செகந்திராபாத்துக்கு அப்பால், ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா அங்கே இன்ஸ்பெக்டர். பட்டறையில் உருவாகும் ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு சீட்டு போகும். எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் கை என்று அதில் எழுதியிருக்கும். சீட்டில்லாத பாகத்தை அப்பா தொடமாட்டார். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை மையில் தன் இனிஷியலைப் போடுவார். வீட்டிலும் அப்படித்தான். வெண்டைக்காயையும் என் பரீட்சைத் தாளையும் ஒரே கண்ணால் பார்ப்பார்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு தங்கி, ஊரின் அந்தக் கோடியிலிருந்த பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் எம்.எஸ்சி. பௌதிகம் முடித்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, ஒரே சீப்பு. அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை. அவர்களுடைய பஸ் எங்கள் குடியிருப்பு வாசல் வழியாகவே போகும். மற்றது, பெங்களூரில் ஆராய்ச்சி மாணவியாக இடம். ஹாஸ்டலில் தங்க வேண்டும். இரண்டுக்கும் ஆறு வாரத்தில் பதில் எழுத வேண்டும்.

அம்மாவுக்கு வேலைதான் சரி என்று பட்டது. எனக்கும் அதே, காரணம் வேறு. அப்பா மட்டும் வழக்கப்படி விசாரணையில் இறங்கினார்.

"பெங்களூர்ல போயி என்னத்தட்டி ஆராயப் போற?"

சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஸ்பூன்களை இணையாக வைத்து அத்தை விளக்கினாள். "வெளிச்சம் அரிசி மாதிரி மணி மணியா வருதுண்ணே. ரொம்ப மங்கலாக்கிட்டா ஒரு மணி போன பொறவுதான் அடுத்தது. அத ரெண்டு கீறல் வழியா விட்டா, அந்தப் பக்கம் ஃபோட்டோ தட்டுல ரெண்டு கோடுதான் விழணும்லா? விழாது. வரி வரியா நெறைய கோடு விழும்."

"ஒரு மணி எந்தக் கீறல் வழியா போச்சு?"

"அதக் கேக்கப்படாது."

"கேட்டா?"

"எதுல போச்சுன்னு பாக்க ஆளு வச்சா, கோடு மறைஞ்சிரும்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த மெஷின்ல ஓடுச்சுன்னு தெரியாத ஜாப்ப இதுவரைக்கும் நான் பாஸ் பண்ணுனதில்ல."

"ஓடுனத விட்டுருங்க. கோட்ட மட்டும் பாருங்க."

"கோடு விழுறத நீ கண்ணால பாத்திருக்கியா?"

"புஸ்தகத்துல."

"அப்போ எனக்குக் காட்டு. காட்டுனா பெங்களூருக்குக் கையெழுத்துப் போடுதேன்."

"இதுக்குப் பேசாம கம்பெனி பஸ்ல ஏறிரலாம்" என்றாள் அம்மா.

இத்தனைக்கும் அப்பா கேட்ட கேள்வி சாதாரணமானதல்ல. தனியாகப் போகும் ஒரு மணி, தான் போகாத கீறலும் திறந்திருக்கிறது என்பதை எப்படி அறிகிறது என்றுதான் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் பின்னால் படித்தேன். அத்தை அதற்கு விடை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தெரியாது என்பதை இத்தனை நிமிர்ந்த முதுகோடு சொன்ன வேறு யாரையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் அப்பா நிபந்தனைகளைத் தாளில் எழுதினார். முப்பது நாள் வெளிச்சம். கோடுகள் குறைந்தது ஐந்து. எண்ணுவது இன்ஸ்பெக்டர், பகல் வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து. அத்தை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள்.

தீர்ப்புச் சொல்லப்போகிறவரே கீறலையும் செய்து கொடுத்தார். மோட்டாருக்குள் சுற்றும் தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஒன்றை இரண்டு சவர பிளேடுகளுக்கு நடுவே நிறுத்திப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தினார். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கீறல். தொழிற்சாலையிலிருந்து குண்டூசி வெளியே வந்தாலும் கேட் பாஸ் வேண்டும். அப்பா ஒழுங்காக "பித்தளைச் சட்டம் ஒன்று, கீறல் இரண்டு" என்று எழுதி வாங்கினார். வாசலில் காவலர் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீறல் எங்க சாப்? ஒண்ணும் காணோமே. பாஸ்ல இருக்கிறது கையில இல்லன்னா நான் எப்படி விடுறது?" என்றாராம். அப்பா அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன தொழிற்சாலைக் கதை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி சாமான் அறையில் படுத்துக்கொண்டது. உள்ளே கறுப்பு பெயிண்ட், ஒரு முனையில் சின்ன பல்பு, அதன் முன்னால் பச்சைத் தாளும், மண்ணெண்ணெய் விளக்கில் புகை பிடித்துக் கறுக்கவைத்த கண்ணாடிச் சில்லுகளும், நடுவில் கீறல், மறுமுனையில் ஃபிலிம் போல மருந்து பூசிய கண்ணாடியான ஃபோட்டோ தட்டு. செகந்திராபாத் ஸ்டுடியோவிலிருந்து அத்தை வாங்கிவந்த தட்டுகளில் மீதி, கறுப்புத் தாள் சுற்றி அலமாரியில் இருந்தன. அரிசி டிரம்மை இடம் மாற்றவேண்டி வந்ததில் அம்மாவுக்குக் கோபம். "வீட்டுக்குள்ள சவப்பெட்டியா? பாதிரியாரக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி."

"இருட்டத்தான் அடக்கம் பண்ணுதோம் மைனி" என்றாள் அத்தை.

பதில் எழுத வேண்டிய கெடுவுக்கு முப்பத்தொரு நாள் இருந்தபோது மூடி மூடப்பட்டது. நோட்டு என் பொறுப்பு. தட்டு எண், நேரம், பல்பு எரிகிறதா, மின்வெட்டு, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். பல்பின் பின்னால் ஒரு சிறு துளை, அதில் எட்டிப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்று முறை எழுத வேண்டும். அத்தை தினமும் மாலையில் கையெழுத்திடுவாள், அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சை மையில். "நடந்ததத்தான் எழுதணும். நடந்திருக்கணும்னு நீ நெனைக்கிறத எழுதப்படாது" என்பது மட்டுமே எனக்குச் சொல்லப்பட்ட விதி.

பள்ளியில் என் பக்கத்தில் இருந்தவளின் அக்கா பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வந்தாள். அதைக் கேட்டுவிட்டு வந்து, "பெங்களூர் நக்கோ அத்தை, வேணாம். பஸ்ஸுலயே போ" என்றேன். அவள் என் தலையில் குட்டி, "கோடு சொல்லட்டும்ட்டி" என்றாள். கோடுதான் சொல்ல வேண்டும் என்றால், கோடு விழாமல் இருந்தால் போதும். பார்க்க ஆள் வைத்தால் கோடு மறைந்துவிடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள் அம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சாமான் அறை ஜன்னலைத் திறந்துவைத்தேன். மூடியைத் தூக்கினேன். உள்ளே ஏதோ பெரிதாக நடந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்த்திருந்ததால் ஏமாற்றமாக இருந்தது. பிளேடு, கம்பி, பால் நிறத்தில் அந்தக் கண்ணாடித் தட்டு. மூடினேன். பிறகு நோட்டை எடுத்து, குறிப்புக் கட்டத்தில் "4.20 மூடி திறந்தது. 4.21 மூடியது" என்று எழுதினேன். திறந்தது யார் என்று எழுதவில்லை. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

மாலையில் அத்தை நோட்டைப் பார்த்தாள். கையெழுத்திட்டாள். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை. நான் ஒரே கணக்கை நாலு முறை போட்டேன், நாலு விடை வந்தது. அவள் வெளியே வந்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, என்னை முன்னால் உட்காரவைத்துப் பின்னல் போட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாகவும் இல்லை.

"நாளைக்கு எந்த ரிப்பன்?" என்றாள்.

"நீலம்."

அவ்வளவுதான். மறுநாள் நோட்டில் தட்டு எண் கட்டத்தில் அத்தை 2 என்று எழுதியிருந்தாள். அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தொடர்ந்து 2 என்றே எழுதிவந்தேன்.

கெடுவுக்கு முந்தைய நாள், கழுவிக் காயவைத்த தட்டை அத்தை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா ஜன்னலருகே போய் லென்ஸைக் கண்ணில் பொருத்தினார். அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். அத்தையின் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." கொஞ்சம் நிறுத்தி, "நாலு."

தட்டைச் சாய்த்துப் பார்த்தார். லென்ஸைச் சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி, அத்தையை அல்ல, என்னைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றார்.

அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொய்யா மரத்தடிக்கு ஓடிப்போய் அழுதேன். மூடியைத் திறந்துபார்த்தும் வெளிச்சம் தன் வேலையை முடித்திருந்தது. அது என்னைவிடப் பிடிவாதமானது என்று முடிவுகட்டினேன்.

அந்த மாதமே அத்தை பெங்களூர் போனாள். பிறகு வெகுதூரம் போனாள். அவளுடைய கட்டுரைகளை அச்சில் பார்க்கும்போது எனக்கு இன்னும் பெருமையில் கழுத்து நிமிர்கிறது. ரயிலில் ஏறும்போது நோட்டையும் தட்டையும் என்னிடம் கொடுத்து, "ஒரு என்ட்ரிகூட விடலட்டி நீ" என்றாள். பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

பொறியியல் கல்லூரியில் இருட்டறைப் பயிற்சிக்குப் போன முதல் நாள் ஒரு தட்டைத் தவறுதலாகக் கதவு வெளிச்சத்தில் காட்டிவிட்டேன். கழுவியபோது முழுக்க, ஓரம்வரை, கறுப்பு. ஒரு நொடிக்கே அப்படி. அந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் 4.20, 4.21. அதன் கீழே அத்தையின் கையெழுத்து. அதற்குக் கீழே, நான் அந்த வயதில் படித்தும் படிக்காத சின்ன எழுத்தில்: "தட்டு 2. நாள் 1."

முப்பது நாளில் அவளுக்கு மிஞ்சியது பதினெட்டு. பெங்களூர் முழுவதும் அந்தப் பதினெட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டது ரிப்பன் நிறம் ஒன்றுதான்.

அதே பக்கத்தின் அடியில், அந்த ஞாயிற்றுக்கிழமை தேதியோடு, பச்சை மையில் அப்பாவின் இனிஷியல். முப்பது நாள் என்று தானே நிபந்தனை எழுதியவர், பதினெட்டு என்று தெரிந்தேதான் ஜன்னலருகே போயிருக்கிறார்.

இப்போது நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்பாவின் லென்ஸைவிடப் பலமடங்கு நல்ல லென்ஸ்கள் என் மேஜையில் இருக்கின்றன. அந்தத் தட்டைப் பலமுறை வைத்து எண்ணிவிட்டேன். நாலு கோடுகள் தெளிவாக இருக்கின்றன. ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில், இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், லேசாக ஏதோ இருக்கிறது.

அப்பாவிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மூடி திறந்த ரகசியத்தை வீட்டில் நான் ஒருத்திதான் காப்பாற்றிவருகிறேன் என்று எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.