லாகின் பெயர் எழுதாத பட்டியல்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் கிடக்கிறது. அலுவலக சர்வரில் உள்ள டேபிள்களின், அதாவது தகவல் அட்டவணைகளின், பெயர்ப் பட்டியல். என்னோடு வேலை பார்த்த மேடம் எடுத்த பட்டியலாக இருந்திருந்தால், யாருடைய லாகினில் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று அடியில் நீல மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார். இதன் அடியில் ஒன்றுமில்லை. இது நான் எடுத்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எங்கள் சின்ன அலுவலகம். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணற்றுத் தண்ணீரில் உள்ள மாசு அளவுகளைத் தொகுத்து அறிக்கை தருவோம். ஊருக்கு ஒரு டேபிள். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன மேடத்தை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தப்பு செய்கிறவர்கள்தான் இப்படி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பார்கள் என்று நினைத்தேன். போதாததற்கு, அவர் கொழுந்தனுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை.

அறிக்கை தர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு ஊர் டேபிளே காணோம்பா. நீயே லிஸ்ட் எடுத்துப் பாரு." தன்னிடம் என்னென்ன இருக்கிறதென்று சர்வர் தானே வைத்திருக்கும் பட்டியல் அது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், அது சொல்லாது என்று நம்பினேன். எடுத்துப் பார்த்தேன். அந்த ஊர் இல்லை. அந்த ஊரின் அளவுகளை ஏற்றுவது மேடத்தின் வேலை. பிரிண்டைக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்து, "அவுங்கதான் அழிச்சிருப்பாங்க சார்" என்றேன்.

மேனேஜர் கூப்பிட்டதும் வந்த மேடம் கத்தவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது யார் லாகின்ல எடுத்தது சார்? கீழ எழுதவே இல்லியே" என்று மட்டும் என்னைக் கேட்டார். நழுவப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரே பட்டியல் எடுத்துப் பார்க்க முடியாதபடி அவர் லாகினை அன்று காலையே முடக்கியிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மத்தியானம் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அறிக்கை அந்த ஊர் இல்லாமலே போனது.

பத்து நாள் கழித்து வேறொரு வேலைக்காக எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து புது லாகின் ஒன்று வந்தது. பட்டியல் எடுத்தால், அந்த ஊர் இருக்கிறது. ஒரு வரி குறையவில்லை. இருப்பதிலேயே மோசமான தண்ணீர் அந்த ஊரில்தான். பார்க்க அனுமதி இல்லாத டேபிளைப் பூட்டியிருப்பதாகப் பட்டியல் சொல்லாது, பெயரையே காட்டாது. என் பழைய லாகினிலிருந்து யாரோ அனுமதியை எடுத்திருக்கிறார்கள். யாரென்ற குறிப்பை சர்வர் ஒரு வாரம்தான் வைத்திருக்கும். அனுமதியைக் கொடுக்கவும் எடுக்கவும் கூடிய லாகின் எங்கள் அலுவலகத்தில் ஒன்றே ஒன்று. "நீயே எடுத்துப் பாரு" என்றவருடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை மேடம் என்னை வாசலிலேயே நிற்கவைத்தார்.

"இப்ப எந்த லாகின்ல பாத்தீங்க?"

சொன்னேன்.

"அத எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார். நான் மேல எழுதிப் போடுறேன். எனக்கு வேலையவிட என் பேருதான் முக்கியம்."

எனக்கும் வேலை இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்று பஸ் ஏறிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாளை மேனேஜர் தினமும் பார்க்கிறார். அது ஏன் அங்கே இருக்கிறதென்று ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று காலை கண்ணாடியைத் தூக்கி, தாளை எடுத்து, நீலப் பேனாவைத் திறந்தேன். அவர் உள்ளே வந்தார். "வணக்கம் சார்" என்று எழுந்து நின்றேன். தாள் மறுபடி கண்ணாடிக்கு அடியில் போய்விட்டது.