சிவபாலன் வெளியே வைத்த பெட்டி

பழைய கொம்பியூட்டரில் எழுதி வைத்த குறிப்புகளை வெளியே எடுத்துக் கொடுப்பது பல் பிடுங்குகிற மாதிரி ஒரு தொழில்: வருகிறவர்கள் எல்லாரும் வலியோடு வருவார்கள், போகும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தத் தொழிலை எனக்குத் தந்தவர் சிவபாலன். தந்தவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இந்தக் கனடாவில் எனக்கு முதல் அநியாயம் செய்தவர் அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் அவர் கொம்பியூட்டர்க் கடை வைத்திருந்தார். எங்கள் சனம் தமிழில் குறிப்பு எழுதுவதற்கென்று 'ஏடு' என்றொரு புறோகிராம் விற்றார். நீலத் திரை, வெள்ளை எழுத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அது பிடிபட்டது. இரண்டு மாரி காலம், வேலையால் வந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன். வேறொன்றுமில்லை, கனடாவுக்கு வந்த நாள் தொடக்கம் ஆர் ஆர் எனக்கு என்ன செய்தார்கள் என்பதுதான். நல்லது செய்தவர்கள் ஒரு பக்கம். மற்றவர்கள் மிச்சப் பக்கங்கள்.

பிறகு விண்டோஸ் காலம் வந்தது. "அண்ணை, உங்கடை பெட்டியைப் புதுசாக்கித் தாறன்" என்று வாங்கிக்கொண்டு போனார் சிவபாலன். புதிதாக்கித்தான் தந்தார். உள்ளே நான் எழுதிய ஒரு எழுத்தும் இல்லை. ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, என்ரை எழுத்தெல்லாம் எங்கே தம்பி என்று கேட்டேன். மைக் அவர் கையில் இருந்தது. மண்டபம் முழுக்கச் சிரிக்க அவர் சொன்னது: "அண்ணைக்குக் கொப்பியும் பென்சிலும்தான் தோது, ஆராவது ஒண்டு வாங்கிக் குடுங்கோ!"

அன்று தொடக்கம் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால், 'பிழை என்ரை' என்று இரண்டு சொல்.

கடைக்குப் பின்னால்

கொஞ்சக் காலத்தில் சிவபாலன் பழைய பெட்டிகளையெல்லாம் கடைக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாக வைத்தார். 'ஏடு' உள்ளே இருந்த ஒரு பெட்டியையும், கிர்ர் கிர்ர் என்று சத்தம் போடுகிற ஒரு பிறின்ரரையும் சுப்பர்மார்க்கெட் வண்டில் ஒன்றில் ஏற்றி, பனிக்குள்ளால் தள்ளிக்கொண்டு வந்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே அப்போது தெரியாது. அவர் வேண்டாம் என்றது எனக்கு வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பின்கதவில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த சிவபாலன் என்னைக் கண்டுவிட்டார், என் மனிசியை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "உதுகளை வீட்டை கொண்டுபோனால், அண்ணை, அக்கா உங்களையும் சேத்து வெளியாலை வைப்பா!"

சந்தனம்

புதிய பெட்டிகளில் 'ஏடு' திறக்காது. திறந்தாலும் சீனியில் எறும்பு மொய்த்த மாதிரித்தான் எழுத்து வரும். என்னைப்போல 'ஏடு' வாங்கின சனமெல்லாம் ஒரே கிடங்குக்குள் விழுந்து கிடந்தது. என் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் ஒரு பழைய பெட்டி ஓடுகிறது என்ற கதை பரவியதும், தங்கள் குறிப்புகளைப் பதிந்து வைத்த பிளொப்பிகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலை இவ்வளவுதான்: பிளொப்பியைப் போடுவது, பிறின்ரரில் கடதாசியாக இறக்குவது. இதற்கு அறிவு தேவையில்லை. ஒன்றையும் எறியாத குணம் வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது.

முதலில் வந்தவர் வீட்டில் சாறிச் சட்டை தைக்கிற ராசாத்தி. அவருடைய பிளொப்பியைப் போட்டால் பெட்டி இருமியது. எடுத்துப் பார்த்தேன். நடுவில் காய்ந்த சந்தனம், அதற்கு மேல் குங்குமம். சரஸ்வதி பூசைக்குக் கத்தரிக்கோல், தையல் மெசின், பிளொப்பி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். துடைத்திருக்கலாமே என்றால், சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமோ என்று என்னையே கேட்டார். பஞ்சும் ஊசியும் எடுத்து அரை நாள் கிண்டினேன், சரஸ்வதி கோபிக்கவில்லை. வாடிக்கைக்காரப் பெண்களின் அளவெல்லாம் ஒன்றும் குறையாமல் வந்தது.

"பிள்ளை, உது நாலு வருசத்துக்கு முந்தின அளவெல்லே, இனி ஆருக்குக் காணும்?" என்று கேட்டேன். ராசாத்தி கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி சொன்னார்: "ஒருத்தருக்கும் காணாது அண்ணை, ஆனால் அவையள் இப்பவும் உதுதான் தங்கடை அளவெண்டு சொல்லுகினம்."

பூட்டு

'ஏட்டு'க்குப் பூட்டுப் போடலாம். பூட்டினவர் ஒரு சொல்லை நினைவு வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் பெரும்பாலும் ஊரின் பெயர்தான். சொந்த ஊரைத் தட்டினால் முக்கால்வாசிப் பூட்டுத் திறந்துவிடும்.

ராக்சி ஓடுகிற செல்வராசா மனைவியோடு வந்தார். அவருடைய ஊர் அளவெட்டி, மனைவியுடையது சுன்னாகம். சுன்னாகத்தாரைப் பகிடி பண்ணாமல் அவருக்கு ஒரு நாளும் சோறு இறங்காது. அவருடைய பூட்டு மட்டும் அளவெட்டிக்குத் திறக்கவில்லை. பிள்ளைகளின் பெயர், பிள்ளையார், முருகன், ராக்சி நம்பர், ஒன்றுக்கும் அசையவில்லை. மறந்துபோச்சு, மறந்துபோச்சு என்று தலையைச் சொறிந்தார். மனைவி அவரைத் தள்ளிவிட்டுத் தன் ஊரின் பெயரைத் தட்டினார். திறந்தது. ஒருத்தரும் நினைக்காத சொல்லாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்று செல்வராசா முனகினார்.

அந்த மனுசி என் பக்கம் திரும்பினார். "வாயாலை திட்டுறது எங்கடை ஊரை, நம்பிப் பூட்டுறதும் எங்கடை ஊரைத்தான், பாத்தியளே அண்ணை!"

ஆடி மாதத்துக் குளிர்

சங்கத் தலைவர் ஒரு நாள் ஓடி வந்தார். அடுத்த நாள் கோடை ஒன்றுகூடல், அவருடைய உரை பிளொப்பிக்குள் மாட்டிக்கொண்டது. இறக்கினேன். 'இந்தக் கொடிய குளிரையும் பாராமல் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும்' என்று தொடங்கியது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாரியில் வாசித்த பொங்கல் விழா உரை அது. வருசா வருசம் அதையேதான் வாசித்திருக்கிறார், நானும் இருந்து கை தட்டியிருக்கிறேன்.

குளிரை வெட்டித் தரட்டோ என்று கேட்டேன். தலைவருக்கு அவசரம். "விடுங்கோ அண்ணை, சனம் கொத்துரொட்டிக்கு வாறது, குளிரை ஆர் கவனிக்கப் போகினம்?"

சாதகம்

நான் காத்திருந்த ஆள் கன வருசம் கழித்து ஒரு ஞாயிறு காலை படியிறங்கி வந்தார். கையில் பிளொப்பி. பெட்டியின் பக்கவாட்டில் தன் கடை ஸ்ரிக்கரைக் கண்டதும் சிவபாலனுடைய முகம் ஒரு மாதிரியானது. "ஓம் தம்பி, உங்கடைதான்" என்றேன்.

மகளுக்குப் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பகுதி சாதகம் கேட்கிறது. ஓலையில் இருந்த சாதகம் இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தோடு போய்விட்டது. அதற்கு முந்தி ஊரிலிருந்து கடிதத்தில் வந்த அதன் பிரதியைப் பார்த்து அவர் 'ஏட்டில்' தட்டி வைத்ததுதான் மிச்சம். தன் கடையின் புதுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்திருக்கிறார், எல்லாவற்றிலும் எறும்பு. எனக்கு வேண்டியது அந்த இரண்டு சொல் என்றேன். முதலில் சொல்லு, பிறகு தாறன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மேலே குசினியிலிருந்து என் மனிசியின் குரல் வந்தது: "பொம்பிளைப் பிள்ளையின்ரை விசயத்திலையும் கறுவம் சாதிக்கிறியளே?"

இறக்கினேன். கடதாசி பாதியில் வழுகியது. திரையில் ஒன்பதாம் வீட்டில் இருந்த செவ்வாய், கடதாசியில் ஒரு கட்டம் கீழே விழுந்து எட்டாம் வீட்டில் போய்க் குந்தியிருந்தது. வாசகர்களே, எட்டில் செவ்வாய் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சம்பந்தம் பிறம்ரனில் இருந்து திரும்பிக்கூடப் பார்க்காது. சிவபாலன் கவனிக்கவில்லை, கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, அப்படியே கொடுத்தால் போதும். அந்தப் பிள்ளை சின்னதில் என் மடியில் இருந்து மிக்சர் தின்ற பிள்ளை. கடதாசியைக் கசக்கி எறிந்துவிட்டு மறுபடி இறக்கினேன். செவ்வாய் ஒழுங்காக ஒன்பதாம் வீட்டில் போய் இருந்தது.

சிவபாலன் இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. "வாற கோடை ஒன்றுகூடலிலை மைக்கைப் பிடிச்சு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன், அண்ணை, முருகனாணைச் சொல்லுறன்."

மைக்

கலியாணம் சரிவந்தது. ஒன்றுகூடலுக்கு நான் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். தலைவர் குளிரைப் பற்றிப் பேசி முடிய, சிவபாலன் மைக்கை வாங்கினார். "உங்கள் எல்லாருக்கும் முன்னாலை ஒரு உண்மையைச் சொல்ல வேணும்" என்றார். கொத்துரொட்டித் தட்டைக் கீழே வைத்தேன்.

"என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு ஒரு பெட்டிதான் காரணம். என்ரை கடைப் பெட்டி. இத்தனை வருசத்துக்குப் பிறகும் ஓடுது எண்டால், நான் வித்த சாமான் எப்பிடிப்பட்ட சாமான் எண்டு பாருங்கோ! அதைப் பத்திரமா வைச்சிருந்த எங்கடை அண்ணைக்கு ஒரு பொன்னாடை!"

சனம் எழும்பிக் கை தட்டியது. அன்றைக்குச் சிரித்த அதே சனம். மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பொன்னாடையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார்கள். அதற்குள் இருந்தபடி சிவபாலனின் காதுக்குள் கேட்டேன், அந்த ரெண்டு சொல்லும் எங்கை தம்பி என்று. அவர் கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி சொன்னார்: "படம் எடுக்கினம் அண்ணை, சிரியுங்கோ."

பொன்னாடை அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது, சிவபாலன் வெளியே வைத்த பெட்டியிலேயே நான் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஏட்டில் முதலாவது பெயரும் அவருடையதுதான், நல்லது செய்தவர்களின் பக்கத்திலோ மிச்சப் பக்கத்திலோ என்று கேட்கிறவர்களுக்கு, அந்த இரண்டு சொல்லும் வந்து சேரட்டும், பக்கத்தை மாற்ற எனக்கு ஒற்றை விரல் போதும்.