மாட்டுப் பழத்தில் ஒரு ரொட்டி

பிள்ளைகளா, இதில் யார் பேரும் வராது. அது என் மகள் போட்ட நிபந்தனை. "எழுதுங்க, ஆனா எம்பேரு வந்துச்சு, கிழிச்சுப் போட்ருவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் பேரை மட்டும் போட்டால் அது நியாயமில்லை. அதனால் எல்லாருமே தப்பித்தார்கள், என்னைத் தவிர.

நான் திண்டுக்கல்லில் ஒரு வாழைப்பழ மண்டியில் வேலை பார்க்கிறேன். சிறுமலையிலிருந்தும் வத்தலக்குண்டு பக்கமிருந்தும் வருகிற தார்களை இறக்குவது, தரம் பிரிப்பது, பழுக்கப் போடுவது. எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனால் வாழைப்பழ விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதற்குப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் வெள்ளிக்கிழமை உணவுத் திருவிழா என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் செய்த பண்டம் ஒன்று கொண்டுபோக வேண்டும். வகுப்பே வடை, அதிரசம், பணியாரம் என்று எழுதிக் கொடுக்க, என் மகள் 'பனானா பிரெட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளை, "ஒங்க வீட்ல ஓவனே கெடையாதேடி?" என்று கேட்டதாம். "ஓவன் இல்லாட்டி என்ன, எங்கப்பா இருக்காருல்ல" என்றாளாம். என்னை நம்பி ஒருத்தர் வாக்குக் கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்ததில்லை.

செல்போனில் ஒரு அம்மா செய்து காட்டினார். ஓவன் வேண்டாம், குக்கர் போதும். அடியில் கல்லுப்பைப் பரப்பி, ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே மாவு ஊற்றிய கிண்ணத்தை வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். எல்லாம் சரி. ஆனால் அந்த அம்மா எடுத்த பழத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் முழுக்கக் கறுத்து, தொட்டால் உள்ளே விரல் போகிற பழம். மண்டியில் அப்படி ஒரு பழம் என் கைக்கு வந்தால், பார்க்காமலே மூலையில் இருக்கிற கூடைக்கு வீசுவேன். சாயங்காலம் மாட்டுக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். அந்த அம்மா பழத்தைக் கடையில் பார்த்தவர். நான் தாரிலேயே பார்த்தவன். யார் சொல்வது சரியாக இருக்கும்?

முதல்தரமான மலைப்பழம் ஒரு சீப்பு எடுத்து வந்தேன். மஞ்சள் மாறாதது, கீறல் விழாதது. கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை, தயிர், எண்ணெய், சோடா உப்பு, ஏலக்காய் எல்லாம் போட்டுப் பிசைந்தேன். பழம் மசியவே மாட்டேன் என்றது. தரமான பழம் அப்படித்தான் இருக்கும் என்று பெருமைப்பட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த பொருளை வீட்டுக்காரி கத்தியால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

"கதவு ஆடாம இருக்க அண்டக் குடுக்கலாம்" என்றாள். "அந்தம்மா கறுத்த பழம்னு அம்புட்டுத் தடவை சொல்லுச்சே, காதுல விழுகலையா?"

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குப்பா" என்றாள் மகள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மண்டியில் அந்த மூலைக்கூடை முன்னால் போய் நின்றேன். இத்தனை வருசம் நானே வீசிய பழத்தை நானே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோல் கறுத்தாலும் வெடிக்காத, வண்டு மொய்க்காத பழமாகப் பார்த்துத்தான் எடுத்தேன். பின்னாலேயே குரல் வந்தது.

"ஏலே, என்னா, மாடு புடிச்சிருக்கியா?"

என்னோடு வேலை பார்க்கிற அண்ணன். இவர் மகள்தான் என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை. "இல்லண்ணே, பிள்ளைக்குத் திங்கக் குடுக்க" என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தரம் பிரிக்கிறவன், கழித்த பழத்தைப் பிள்ளைக்குக் கொண்டுபோகிறான் என்று மண்டி முழுக்கப் பேச்சாகிவிடுமே? என் கௌரவம் குறுக்கே விழுந்தது.

"ஆமாண்ணே" என்றேன்.

"பசுவா, எருமையா?"

"பசுதாண்ணே."

"பால் எம்புட்டுக் கறக்குது?"

"இன்னும் கறக்கலண்ணே. செனையா இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் பக்கம் மாடு கன்று போட்டால் முதலில் கறக்கிற சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். அண்ணன் மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பு, சீம்பால் வருதுடோய்!" என்றார். ஆளாளுக்குக் கறுத்த பழம் கொண்டுவந்து என் சாக்கில் போட்டார்கள். இல்லாத மாட்டுக்கு அவ்வளவு பாசம்.

வியாழக்கிழமை சாயங்காலம் செய்த ரொட்டி, பிள்ளைகளா, பொய் சொல்லவில்லை (இந்த ஒரு விஷயத்தில்), பூ மாதிரி வந்தது. அந்த அம்மா சொன்னதுதான் சரி. கறுத்த பழத்தில்தான் தித்திப்பு இருக்கிறது. தெருமுனை வரைக்கும் வாசம். மகள் துண்டு போட்டு டப்பாவில் அடுக்கும்போது பாடிக்கொண்டே அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. மூடியைத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு துண்டு குறைந்திருந்தது. கடைசியில் டீச்சர் எடுத்தாராம், காய்ச்சல் மாத்திரை விழுங்குகிற மாதிரி விழுங்கினாராம். மண்டியிலிருந்து வந்த கறுத்த பழத்தில் செய்தது என்று மகள் சொல்ல, மற்ற பிள்ளைகள் கையை நீட்டுகிற நேரம் பக்கத்துப் பிள்ளை, "ஐயையோ, அது அவுக வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோன பழம், எங்கப்பா சொன்னாரு" என்றதாம். நீட்டின கையெல்லாம் உள்ளே போய்விட்டது.

"நம்ம வீட்ல மாடு எங்க இருக்குப்பா?" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் மாடு இல்லை. மண்டியில் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க வெக்கப்பட்டதுக்கு நான் வகுப்புல நிக்கணுமா? நீங்கதான் சொன்னீங்க, நீங்களே மண்டிக்குப் போயி மாடு இல்லன்னு சொல்லுங்க. எல்லார் முன்னாடியும்."

மறுநாள் காலையில் டப்பாவோடு மண்டிக்குப் போனேன். ஏலக்காய் வாசத்தைப் பிடித்துக்கொண்டு, "சீம்பால் வந்துருச்சு!" என்று சுற்றிக்கொண்டார்கள். அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டார். அடுத்ததையும் போட்டார். "என்னப்பா இது, சீம்பால் மாதிரி இல்லையே? நல்லாருக்கே?"

"மூலைக்கூடைப் பழம்ணே. எம்மக பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சது."

மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது.

"அப்ப மாடு?"

"ஒங்க முன்னாடி நிக்குதுல்லண்ணே" என்றேன்.

எல்லாரும் சிரித்த சிரிப்பில், தார் இறக்க வந்த லாரி டிரைவர் என்னமோ ஏதோவென்று இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து மண்டியில் என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வாயைத் திறக்காமலே 'ம்மா' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நானும் திரும்பிப் பார்க்கிறேன். அண்ணன் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, ஒரு துண்டைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எம்மககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்துப் பிள்ளை வகுப்பில் எல்லார் முன்னாடியும் தான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டதாம். அதோடு, வகுப்பு முழுக்கத் திங்கிற மாதிரி இன்னொரு தடவை கொண்டுவரச் சொன்னதாம்.

"நீ என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"மாட்டுக்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."