வலது பக்கத்து நாற்காலி

நூலகத்துக்கு மேல்மாடியில் உள்ள ஹாலுக்கு முப்பத்தொரு படி ஏற வேண்டும். ஏறி வந்த எவரையும் வேஷம் இல்லை என்று திருப்பி அனுப்புவதில்லை என்பது அந்த நாடகக் குழுவின் சட்டம். சட்டம் போட்டவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. பகலெல்லாம் வருகிறவர்களிடம், "மேல் வரிசையை வாசிங்க, இப்போ கீழ் வரிசை" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துபோய், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அந்த ஹாலில் வந்து நாற்காலிகளை ஓரம் தள்ளுவாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவள் கணவர் எல்லோருக்கும் அத்தான். எழுபது வயது ஆள் ஒருவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரரை அத்தான் என்று கூப்பிடுவதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் போனால் அவர்கள் வாயிலும் அதே அத்தான்தான் வரும்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ராணி வேஷம் கொடுத்து, அட்டைக் கிரீடத்தைத் தலையில் வைத்து அழகு பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. பலகையில் பெயர்ப்பட்டியல் மாறியிருந்தது, அவ்வளவுதான். கல்யாணமாகி மகள் பிறந்து பள்ளிக்குப் போன பிறகும் அது ஆறவில்லை. ஒரு நாள் நூலகத்து அறிவிப்புப் பலகையில், 'நடிக்க ஆசை உள்ளவர்கள் வரலாம், குரல் முக்கியம் இல்லை' என்று கையால் எழுதி ஒட்டினாள். ஆறு பேர் வந்தார்கள். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இதுவரை பதினாறு நாடகம் போட்டாயிற்று.

வேலைக்குப் போய் வருகிற ஜனங்களுக்கு இரண்டாவது காட்சிக்கு மேல் வசனம் நெட்டுரு ஆகாது. அங்கேதான் அத்தான். பஸ் டிப்போவில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் குறிக்கிற வேலை அவருக்கு. நாடகம் என்றால் மேடையின் வலது பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுப்பார். அவர் கண் புத்தகத்தில் இருக்காது, நடிப்பவர்களின் காலில் இருக்கும். பேச்சு நின்றால் அது மறதியா, வேண்டுமென்றே விட்ட இடைவெளியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, மறந்தவனுக்குக் குதிகால் தானாகத் தூக்கும் என்பார். குதிகால் தூக்கிய மறுநொடி ஒரு சொல் கிசுகிசுப்பாக வரும். முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. நடிப்பவர் பிழைத்துக்கொள்வார்.

போன வருஷம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்தார்கள். உயிர் பிழைத்தார், குரல் போயிற்று. வாயைத் திறந்தால் வெறும் காற்று. கிசுகிசுக்கக்கூட முடியாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் குடியேறின. அந்த நோட்டில் அவர் முதலில் எழுதிய பெரிய வாக்கியமே, "அடுத்த நாடகம் எப்போ?" என்பதுதான்.

அக்கா அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

ஒத்திகை தொடங்கி இரண்டாவது வாரம், கதாநாயகனாக நடிக்கும் தபால்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்து, பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க" என்றாள்.

"அத்தான் இல்லாம எனக்கு மூணாவது காட்சி ஓடாதுக்கா. இப்போ அத்தான் இருந்தாலும் ஓடாது போல. நான் என்ன பண்ணட்டும்?"

"அவர்கிட்ட நான் பேசறேன்."

பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று சாப்பாட்டு மேசையில் வாயெடுத்தாள். அவரோ மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த காலி அட்டைப்பெட்டிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு நோட்டில் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு வசனத்தின் முதல் சொல்லையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிவிடுவாராம். யாருக்குக் குதிகால் தூக்குகிறதோ அவருக்கான அட்டையை உயர்த்திக் காட்டுவாராம். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று அட்டை. முகம் பூராச் சிரிப்பு. அவள் வாய்க்குள் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நல்ல யோசனைதான்" என்று சொல்லித் தொலைத்தாள்.

அவள் மனத்துக்குள் அந்த அட்டையை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும், அவசரத்தில் எவன் அட்டையைத் தேடுவான் என்று தானே முடிவு கட்டினாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை குழுவைக் கூட்டி வைத்துச் சொன்னாள். இனி வசனம் இடது பக்கத்திலிருந்து வரும். ஓய்வு பெற்ற டீச்சர் அங்கே புத்தகத்தோடு நிற்பார். அத்தான் கேட்டால், டீச்சர் மேடைச் சாமான் எடுத்துக் கொடுக்க வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

"அத்தான் அட்டையைக் காட்டினா?" என்று கேட்டான் லிஃப்ட் ரிப்பேர்காரன். அவன்தான் நாடகத்தில் தம்பி.

"இடதுல வசனத்தை வாங்கிக்கோ. வாங்கினதும் வலது பக்கம் திரும்பி லேசாத் தலையாட்டிடு. அட்டையைப் படிச்சேன்னு அவர் நினைச்சுக்கட்டும். அந்த மனுஷன் மனசு நோகக் கூடாது."

"இது தப்பில்லையாக்கா?" என்றார் டீச்சர்.

"தப்புதான். வேற வழி இருந்தா சொல்லுங்க."

வழி ஒன்று இருந்தது. நேரில் சொல்வது. மகளும் போனில் அதைத்தான் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிடும்மா. உன்னால முடியலன்னா நான் சொல்றேன்." அக்கா, "நீ சும்மா இரு" என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆறு வாரம் அந்த வேடிக்கை நடந்தது. தலையாட்டலுக்கும் சேர்த்து ஒத்திகை பார்த்தார்கள். இடது காதில் வாங்கி, வலது பக்கம் திரும்பி ஒரு தலையாட்டல். வசனம் மறந்தாலும் மறப்பார்கள், தலையாட்ட மறக்கவில்லை. அத்தான் ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் வீட்டில் எந்த அட்டைக்கு யார் எத்தனை நொடியில் திரும்பினார்கள் என்று பட்டியல் போட்டார். டிப்போ புத்தி. தெளிவாக இல்லாத அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தடித்த மையில் மறுபடி எழுதினார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று எழுந்தாள், ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பலகையில் பட்டியலை மாற்றியவர்கள் செய்ததற்கும் தான் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் தோன்றியது. அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாடகம். ஹால் நிரம்பிவிட்டது. இரண்டு காட்சி நன்றாகப் போயின. மூன்றாவதில், வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் முட்டிக்கொள்கிற இடம். அண்ணனாக நின்ற தபால்காரர் திடீரென்று நின்றுவிட்டார். குதிகால் தூக்கியது. இடது தட்டிக்குப் பின்னால் டீச்சருடன் நின்ற அக்காவுக்கே அது தெரிந்தது.

டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். பதற்றத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பியிருக்கிறார். "எங்க இருக்கோம், எங்க இருக்கோம்" என்று உதடு அடித்துக்கொண்டது. ஹாலில் ஒருவர் இருமினார்.

அக்கா நிமிர்ந்தாள். மேடைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து ஓர் அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். 'சாவியை' என்று அதில் எழுதியிருந்தது. சரியான அட்டை. இத்தனை தூரத்திலிருந்து அவளுக்கே பளிச்சென்று தெரிந்தது. தபால்காரர் கொஞ்சம் திரும்பியிருந்தால் போதும். அவர் திரும்பவில்லை. மேடையில் இருந்த நாலு பேர் கண்ணும் இடது பக்கமே ஒட்டிக் கிடந்தது. அத்தான் அட்டையை ஆட்டினார். தட்டியை விரலால் தட்டினார்.

அப்போதுதான் அந்த லிஃப்ட்காரன் திரும்பினான். சத்தம் கேட்டுத் திரும்பியவன், ஆறு வாரப் பழக்கத்தில், அத்தான் முகத்தைப் பார்த்து லேசாகப் புன்னகைத்து, அழகாகத் தலையாட்டினான். அட்டையின் பக்கம் அவன் கண் போகவே இல்லை. தலையாட்டி முடித்துவிட்டு மறுபடி இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அத்தானின் கை மெல்ல இறங்கியது. லிஃப்ட்காரனைப் பார்த்தார், அவன் பார்க்கும் திசையைப் பார்த்தார், டீச்சர் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"சாவியை" என்றாள் அக்கா, தபால்காரருக்குக் கேட்கிற மாதிரி.

"சாவியை நான் தரமாட்டேன்" என்று தபால்காரர் பிடித்துக்கொண்டார். நாடகம் ஓடியது. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். திரை விழுந்த பிறகு தபால்காரர் வலது பக்கம் ஓடி, "அத்தான், உங்க அட்டையாலதான் பிழைச்சேன்" என்றார். நல்ல மனுஷன், அக்கா சொல்லிவைத்தபடி செய்தார். அத்தான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்தார்.

'தலையாட்டினான். படிக்கல.'

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

'எத்தனை நாளா?'

"ஆறு வாரமா."

'எல்லாருமா?'

"எல்லாரும்தான். அவங்க மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டறதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவர் நோட்டில் புதிய தாளைப் புரட்டினார்.

'அட்டையை ஒரு தடவையாவது நிஜமா முயற்சி பண்ணிப் பாத்தியா?'

"இல்லங்க."

மேசையைத் தட்டினாலும், தட்டைத் தூக்கி எறிந்தாலும் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலில் விழச் சொன்னால்கூட விழுந்திருப்பாள். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்" என்று ஆரம்பித்து, அது சப்பைக்கட்டு என்று தனக்கே தெரிந்து, பாதியில் நிறுத்தினாள். மனசு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தது தன் மனசைத்தான்.

அவர் குனிந்து, நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினார். மூடியைப் பேனாவில் மாட்டினார். நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

'நல்லா நடிச்சாங்க. ஆறு வாரத்துல ஒருத்தர்கூடத் தப்பு பண்ணல' என்று எழுதியிருந்தது.