நெய் படாத தோசைக்கல்

இன்று மதியம் மேட்டுப்பாளையத்தில், எங்கள் கம்பெனிக்கு எதிரே புதிதாகத் திறந்திருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

உட்கார்ந்ததுமே கடைக்கார அம்மா கேட்டார்: "பால், தயிர், நெய்யெல்லாம் சேத்துப்பீங்களாண்ணா? சேக்காதவங்களுக்கு தோசக்கல்லே தனியா வெச்சிருக்கேன். மோருக்குப் பதிலா தேங்காப்பால்ல ஒரு குழம்பு இருக்கு."

"அதையே குடுங்கக்கா" என்றேன்.

நான் எல்லாம் சாப்பிடுகிறவன். சேர்க்காதவள் என் தங்கை மீனா. பால் கன்றுக்குட்டியுடையது என்று எட்டு வருஷம் தொடவில்லை. எந்த ஓட்டலுக்குப் போனாலும் "நெய் போட்டீங்களா?" என்று கேட்பாள். சர்வர் சிரிப்பார். நான் கூச்சத்தில் போனைப் பார்ப்பேன்.

போன தை மாதம் இறந்துபோனாள். மறுநாள் சுடுகாட்டில் வழக்கப்படி பால் தெளித்தோம். முதல் சொம்பை நான்தான் ஊற்றினேன்.

பசும்பால்.

மீனா யாரென்றே தெரியாத ஒரு அம்மாவுக்குத் தோன்றிய தேங்காய்ப்பால், கூடப் பிறந்த எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். "புடிக்கலியாண்ணா?" என்று அவர் பதறினார்.

"ரொம்ப நல்லாருக்குக்கா" என்றேன். அது உண்மை.

ஆறுதல் எதுவும் எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் பால் சேர்க்காதவர் யாராவது இருந்தால் மட்டும் கேளுங்கள், கடைக்கு வழி சொல்கிறேன்.